கணினி வரைபடங்களின் திருத்த நிர்வாகம்

கட்டடம், இயந்திரம், விமானம் முதலியவற்றின் வரைபடங்கள், வரையப்பட்டுப் பரிசீலனையும் அங்கீகாரமும் பெற்று வேலைத்தளத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரும் பலமுறை மாறுகின்றன. அம்மாற்றங்கள் ஒவ்வொன்றையும் யார், எப்போது, எக்காரணம் பற்றிச் செய்தார் என்று பதிந்து, பல பிரதிகளுள் எது இன்று செல்லுபடியாகும் என்பதில் எவருக்கும் ஐயம் எழாதவாறு காக்கும் முறையே திருத்த நிர்வாகம் ஆகும்.

கணினிக்கு முந்திய காலத்தில் இக்காரியம் மூலப்பிரதியின் தனிமையால் எளிதாக நடந்தது. ஒளி புகும் துணியிலோ ட்ரேசிங் தாளிலோ மையால் வரையப்பட்ட மூலம் ஒன்றே ஒன்றாக வரைகூடத்தின் பெட்டியில் பத்திரமாக இருக்க, சர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த இரும்பு உப்பு முறையைக் கொண்டு அதிலிருந்து எடுக்கப்பட்ட நீலப்பிரதிகளே தொழிற்சாலைக்குச் சென்றன. மூலத்தைத் திருத்தும் உரிமை சிலருக்கே இருந்தது. திருத்தியவர் மாறிய இடத்தில் முக்கோணக் குறியிட்டு, தாளின் ஓரத்திலுள்ள ரிவிஷன் அட்டவணையில் எழுத்து, தேதி, விவரம், கையொப்பம் ஆகியவற்றைச் சேர்ப்பார். அமெரிக்கப் பிரமாணத்தில் ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இஸட் என்னும் எழுத்துகள் இலக்கங்களோடும் பிற குறிகளோடும் மயங்கக்கூடும் என்று விலக்கப்பட்டிருப்பதிலிருந்து, முன்னோர் இதில் காட்டிய ஜாக்கிரதையை உணரலாம்.

எனினும் மாற்றத்தைப் பதிவது வேறு, அதைச் சரிபார்ப்பது வேறு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜன்ஸி ஹோட்டலின் இரண்டாம், நான்காம் மாடி நடைபாலங்கள் இரண்டையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக முதல் வரைபடம் காட்டியது. பின்னர் உருக்கு வேலை செய்தோர் தரப்பு வரைபடத்தில் அக்கம்பி இரண்டு துண்டுகளாக மாற்றப்பட்டு, கீழ்ப்பாலம் மேற்பாலத்தின் உத்தரத்திலேயே தொங்கவிடப்பட்டது. இதனால் மேற்பால இணைப்பின் மீது விழும் பாரம் இருமடங்காயிற்று. அதைக் கணக்கிட்டுப் பாராமலே பொறியாளரின் முத்திரை அவ்வரைபடத்தில் விழுந்தது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் இடிந்து 114 பேர் மாண்டனர். வரைபடத் திருத்தத்தை எழுத்தர் வேலை என்று எண்ணுவோர் இந்த ஒரு சம்பவத்தை நினைவில் கொள்வது நலம்.

கணினியில் வரையும் கலைக்கு அடிகோலியது, ஐவன் சதர்லாந்து 1963-இல் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல் ஆகும். மூல உருவம் ஒன்றைத் திருத்தினால் அதன் பிரதிபிம்பங்கள் யாவும் தாமே திருந்தும் என்ற கருத்து அதிலேயே இருந்தது. ஆனால் 1982 இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருள், சாமானியரின் மேஜைக்கணினிக்கு வரைபடத்தைக் கொண்டுவந்து சேர்த்தபோது, அதனுடன் ஒரு புதிய சங்கடமும் வந்தது. நகலெடுக்க நொடிப்பொழுது போதும். நகலுக்கும் மூலத்துக்கும் அணுவளவும் பேதமில்லை. மூலம் என்ற ஒன்றே மறைந்துவிட்டது. கோப்பைச் சேமிக்கும்போது முந்திய நிலை ஒன்றை மட்டும் 'பேக்' என்ற பின்னொட்டுடன் மென்பொருள் வைத்துக்கொள்ளும். அதற்கும் முந்தியது போயிற்று. ஆகவே, வரைவோர் கோப்பின் பெயரிலேயே தேதியையும் 'இறுதி' என்ற சொல்லையும் சேர்க்கத் தலைப்பட்டனர். பல அலுவலகங்களில் இவ்வழக்கம் இன்னும் நீங்கியபாடில்லை. அதன்பின் நிகழ்ந்த அபிவிருத்திகள் யாவும், இழந்த மூலத்தின் அதிகாரத்தை மீட்பதற்குச் செய்யப்பட்ட பிரயத்தனங்களே என்று கூறுவது மிகையாகாது.

1990-இல் ஆட்டோகேட்டின் 11-ஆம் வெளியீடு, ஒரு வரைபடத்தை மற்றொன்றுக்குள் ஒட்டாமல் சுட்டி மட்டும் இணைக்கும் எக்ஸ்ரெஃப் வசதியைத் தந்தது. தூண்களின் அமைப்பு ஒரே கோப்பில் இருக்க, அதைச் சுட்டும் மின்வரைபடமும் குழாய் வரைபடமும் அடுத்த முறை திறக்கையில் புதிய நிலையைக் காட்டும். ஆனால் அடைவின் பெயர் மாறினால் இணைப்பு அறும். அங்கீகாரம் பெற்ற தாளும் எவரும் அறியாமலே மாறிவிடும். ப்ரோ/எஞ்சினியர் மென்பொருளோ வேறு வழியில் சென்று, சேமிக்குந்தோறும் பழையதை அழிக்காமல் 1, 2, 3 என்று எண்ணிட்டுப் புதிய கோப்பை எழுதிற்று. வட்டு விரைவில் நிரம்பினும், நேர்மையான முறை இதுவே என்பது இவ்வாசிரியரின் துணிபு.

இதே சங்கடத்தில் நிரல் எழுதுவோர்க்கு 1972 முதலே பெல் ஆய்வகத்தின் எஸ்.சி.சி.எஸ். போன்ற பதிப்புக் காவல் மென்பொருள்கள் உதவின. நிரல் வெறும் எழுத்தாதலால் வரிக்கு வரி ஒப்பிடலாம். ஆட்டோகேட்டின் டி.டபிள்யூ.ஜி. கோப்போ இருமக் குறியீட்டால் ஆனது. இருவர் செய்த மாற்றங்களை அதில் ஒன்றிணைத்தல் அரிது. எனவே, வரைபடக் காப்பகங்கள் பூட்டு முறையைக் கைக்கொண்டன. ஒருவர் கோப்பைச் 'செக்-அவுட்' செய்தால், அவர் 'செக்-இன்' செய்யும் வரை பிறர் அதைப் பார்க்கலாமேயன்றித் தொடலாகாது. இரு வரைபடங்களின் வேற்றுமையை நிறம் பிரித்துக் காட்டும் வசதி ஆட்டோகேட்டின் 2019 பதிப்பில்தான் உள்ளடங்கியது.

மென்பொருளின் பதிப்பு வேற்றுமையும் அபாயமாக முடிவதுண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் வேலையில் ஹாம்பர்க் நகரத்தார் கேட்டியா என்னும் வரைபட மென்பொருளின் 4-ஆம் பதிப்பையும், துலூஸ் நகரத்தார் 5-ஆம் பதிப்பையும் பயன்படுத்த, ஓரிடத்து மாற்றங்கள் மற்றோரிடத்துக்குச் செவ்வனே சென்று சேரவில்லை. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிகள் ஓட, அவற்றுட் பல பொருத்தும் இடத்தில் எட்டாமற் போயின. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 2007 அக்டோபரில், ஏறத்தாழ இரண்டாண்டு தாமதத்துடன், ஒப்படைக்கப்பட்டது.

கட்டடத் துறையில் 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 பிரமாணம், பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றி, வரைவில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, ஆவணத்தில் சேர்ந்தது என நான்கு நிலைகளை வகுத்துள்ளது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லப் பரிசீலனை வேண்டும். 2015-இல் வெளிவந்த ஆன்ஷேப் மென்பொருளோ கோப்பு என்பதையே கைவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளத்தில் வரிசையாகப் பதிகிறது. மூலம் மீண்டும் ஒன்றாயிற்று.

இருந்தும், அச்சிட்ட தாள் வேலைத்தளத்தை விட்டுப் போகவில்லை. பழைய தாளைத் திரும்பப் பெற்று 'ரத்து' முத்திரையிடுவதை எந்த மென்பொருளும் செய்வதில்லை. ஆதலின் கம்பி கட்டுமுன், கான்கிரீட் இடுமுன், தாளின் தலைப்புக் கட்டத்திலுள்ள ரிவிஷன் எழுத்தையும் தேதியையும் காப்பகப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.