முறிந்த எலும்பும் விழித்திருந்த கண்களும்

முறிந்த எலும்பை ஒட்டவைப்பவர் யார்? மருத்துவர் என்பர் பலர். உண்மையில் அதை ஒட்டவைப்பது உடலின் இயற்கையே ஆகும். முறிந்த முனைகளை நேர்ப்படுத்தி, அவை அசையாதபடி நிறுத்துவது மருத்துவரின் பணி. அதன் பின்னர் எலும்பு கூடும்வரை அவ்வுறுப்பும் அதற்குரிய மனிதரும் கெடாமற் காக்கும் பணி ஒன்று எஞ்சி நிற்கிறது. வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீளும் அப்பணியே தாதியின் பணி. நோயாளியைப் பார்த்து, தொட்டு, கேட்டு, மாற்றத்தை உணர்ந்து, காலந்தாழ்த்தாது மருத்துவருக்கு அறிவிப்பது அதன் முதற் கூறாகும். இப்பணி இல்லையேல் சிறந்த கைத்திறனும் வீணே என்பதை மருத்துவ உலகம் எளிதில் உணர்ந்துவிடவில்லை. பல உயிர்களையும் உறுப்புகளையும் இழந்த பின்னரே உணர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பழைய ஏடு கூறும் பாடம்

எகிப்து நாட்டின் லுக்சோர் நகரில் 1862ஆம் ஆண்டில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பாப்பிரசுச் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அதனை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்னும் அறிஞர் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். தலையில் தொடங்கி முதுகெலும்பு வரை 48 காயங்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முதலில் நோயாளியை எவ்வாறு சோதிப்பது, அடுத்துக் காயம் இன்னதென எவ்வாறு துணிவது, பின்னர் என்ன செய்வது என்பதே அதன் முறை. பிழைக்கக்கூடியது, போராடிப் பார்க்கக்கூடியது, கைவிடத்தக்கது என முடிவுகளும் மூவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கை வைக்குமுன் கண் வைக்க வேண்டும் என்னும் அறிவு இன்றைக்கு மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தமைக்கு இது சான்றாகும்.

எனினும், தோல் கிழிந்து எலும்பு வெளிப்படும் திறந்த முறிவு மட்டும் நெடுங்காலம் மருத்துவருக்கு அடங்காத பகையாகவே இருந்தது. புண் அழுகி உயிரைக் கொள்ளுமுன் காலையே வெட்டியெறிவதுதான் வழக்கம். 1756ஆம் ஆண்டில் இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். தம்மை எவரும் தூக்கலாகாது எனத் தடுத்து, குளிரில் தரையிலேயே கிடந்து, ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, பல்லக்குத் தூக்குவோரின் கம்புகளை அதில் ஆணியடித்துப் பொருத்தச் செய்த பின்னரே வீடு சென்றாராம். வெட்டுவதற்குக் கருவிகள் ஆயத்தமாயிருந்தும் அவர் கால் தப்பியது. முறிந்த காலை அசைப்பது எத்துணைத் தீங்கு என்பதை அவர் அறிந்திருந்தார். பிறருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

1865ஆம் ஆண்டு ஆகத்து மாதம் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவனின் கால்மீது வண்டிச் சக்கரம் ஏறியது. ஜோசப் லிஸ்டர் அத்திறந்த முறிவைக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். புண் சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பும் கூடியது. அதுமுதல் திறந்த முறிவு என்றதும் காலை வெட்டும் காலம் மெல்ல மறையத் தொடங்கியது. கால் காக்கப்பட்டதும் புதிய வினா எழுந்தது. காக்கப்பட்ட காலை வாரக்கணக்கில் யார் பார்ப்பது?

கட்டே பகையானது

அந்நாளில் நெதர்லாந்துப் படை மருத்துவர் அந்தோனியஸ் மாதைசன் 1852இல் வெளியிட்ட மாக்கட்டு முறை ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. ஜிப்சம் மாவு தடவிய துணியை நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் கல்லாய் இறுகும். முறிந்த எலும்பு அசையாது; நோயாளியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்குக் கொண்டு செல்லலாம். ஆயின் இக்கட்டுக்குள் ஒரு கேடும் மறைந்திருந்தது. முறிந்த இடம் வீங்கும். வீக்கத்திற்கேற்பக் கட்டு விரியாது. உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்குச் செல்லும் குருதி தடைப்படும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் வோன் வோல்க்மன் 1881இல் இதனை விளக்கி எழுதினார். இறுகக் கட்டிய கட்டினால் தசை செத்துச் சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து, கை என்றென்றைக்கும் பயனற்றுப் போவதை அவர் எடுத்துக் காட்டினார். எலும்பு செவ்வனே கூடியிருக்கும், கையோ போயிருக்கும்!

முறிவு நோயாளியைத் தாதி சோதிக்கும் முறைக்கு அடிப்படையாய் அமைந்தது இவ்வறிவே. வலி, நிறம், நாடி, உணர்ச்சி, அசைவு ஆகிய ஐந்தையும் அவர் நோக்குகிறார். விரல் நுனி வெளிறியதா, நீலம் பாய்ந்ததா? நகத்தை அழுத்தி விட்டால் செம்மை உடனே திரும்புகிறதா? மரமரப்பு உண்டா? விரலை ஆட்ட முடிகிறதா? இவற்றுள் வலியே முந்திவரும் தூதன். முறிவுக்கு உரிய அளவினை மீறிய வலி, மருந்துக்கு அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டினாலே தாங்கவொண்ணாத வலி ஆகியவை கண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நாடி அடங்கும்வரை காத்திருந்தால் காலங் கடந்துவிடும். தசை குருதியின்றிச் சில மணி நேரமே தாங்கும். மாக்கட்டில் விரல் நுனிகளை மூடாமல் விடுவதன் தலையாய காரணம் இதுவே.

எலும்பு கட்டுவோர் குலத்தில் ஒரு மருத்துவர்

தமிழரிடையே தப்பை வைத்து எலும்பு கட்டும் பரம்பரை வைத்தியர் இருந்ததுபோல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலும் ஒரு குலத்தார் இருந்தனர். அக்குலத்தைச் சேர்ந்த இவான் தாமஸ் லிவர்ப்பூல் நகரில் தொழில் நடத்தினார். பட்டம் பெறாதவர் என்று மருத்துவர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அந்த இழிவு தம் மக்களுக்கு வாராதிருக்க ஐந்து ஆண்மக்களையும் அவர் மருத்துவராக்கினார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891).

துறைமுகத் தொழிலாளரும் ஏழைகளும் இவரை நாடினர். ஞாயிறுதோறும் கட்டணமின்றி நோயாளரைப் பார்த்தார். நோயுற்ற உறுப்புக்கு இடையறாத, நீண்ட, முழுமையான ஓய்வு வேண்டும் என்பதே இவர் கொள்கை. அதற்காகத் தாமே இரும்பு வளைத்துச் சிம்புகள் செய்தார். தொடையின் மேற்பகுதியில் பொருந்தும் ஒரு வளையம், காலின் இருபுறமும் ஓடிப் பாதத்திற்கு அப்பால் கூடும் இரு கம்பிகள். இதுவே தாமஸ் சிம்பு. முழங்கால் மூட்டு நோய்க்கென அவர் வகுத்த இக்கருவியை அந்நாளைய மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் போர்க்களம் அதனைத் தேடிக் கண்டது.

கால்வாயும் போர்க்களமும்

தாமசின் மனைவிவழி மருமகன் இராபர்ட் ஜோன்ஸ் (1857-1933) அவரிடம் தங்கித் தொழில் பயின்றவர். மான்செஸ்டர் கப்பற் கால்வாய் வெட்டப்பட்டபோது 1888இல் அதன் தலைமை அறுவை மருத்துவராக அமர்ந்தார். ஆயிரமாயிரம் கூலிகள் மண்ணையும் பாறையையும் வெட்டிய அவ்விடத்தில் முறிவுக்குக் குறைவேது? கால்வாய் நெடுக முதலுதவி நிலையங்களும் இடையிடையே மூன்று மருத்துவமனைகளும் ஏற்படுத்தி, பயிற்சி பெற்றோரை அங்கே நிறுத்தினார். விபத்து நேர்ந்த இடத்திலேயே பணி தொடங்க வேண்டும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. குண்டடிபட்டுத் தொடையெலும்பு முறிந்த வீரனின் காலைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டித் தூக்கி வந்தனர். தொடையின் வலிய தசைகள் சுருங்கி முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் இழுக்கும். ஒவ்வோர் அசைவிலும் கூரிய முனைகள் சதையைக் கிழிக்கும். தொடைக்குள்ளேயே குருதி பெருகி, மருத்துவமனை சேருமுன் பலர் மாண்டனர். 1916இல் இவ்வகைக் காயமுற்றோரில் நூற்றுக்கு 80 பேர் இறந்தனர் என ஜோன்ஸ் கணக்குரைத்தார். அக்கணக்கு மிகை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினும், இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. 1917இல் அராஸ் போரில் தாமஸ் சிம்பு முன்னணியிலேயே பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அங்குத் தொடையெலும்பு முறிந்த 1,009 பேரில் இறந்தோர் நூற்றுக்கு 15.6 பேரே என ஹென்றி கிரே என்னும் மருத்துவர் பதிவு செய்தார். இருளிலும் கட்டும் வண்ணம், தூக்குப் படுக்கை சுமப்போர் கண்ணைக் கட்டிக்கொண்டு பயின்றனர். சப்பாத்தைக் கழற்றாமலே காலை இழுத்துக் கட்டுவது அப்பயிற்சியில் ஒன்று. ஆக, இரும்புச் சிம்போடு பயின்ற கைகளும் சேர்ந்தே அவ்வுயிர்களைக் காத்தன.

நொண்டிய தாதி

ஆக்னஸ் ஹன்ட் (1866-1948) இளமையிலேயே எலும்பு நோயால் இடுப்பு பழுதுற்றவர். ஊன்றுகோலோடு தாதித் தொழில் பயின்றார். 1900ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் வட்டாரத்தில் பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில், உடற்குறையுற்ற சிறார்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். வீட்டின் படிகளில் நோயாளரைத் தூக்கி ஏற்ற இயலாமையால் ஒரு பக்கம் திறந்த கொட்டகைகளில் கட்டில்களை இட்டார். வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைகளைத் தேற்றின. தம் இடுப்பு நோய்க்காக ஜோன்சைக் காணச் சென்ற ஹன்ட், தம் குழந்தைகளையும் அவரிடம் அழைத்துச் சென்றார். பின்னர் ஜோன்சே பாஸ்சர்ச்சுக்கு வந்து அறுவை செய்யலானார்.

வீடு திரும்பிய குழந்தை கவனிப்பாரின்றி மீண்டும் கெடுவதை ஹன்ட் கண்டார். 1907 முதல் சுற்றுவட்டார ஊர்களில் பின்கவனிப்பு நிலையங்களை நிறுவி, தாதியர் அங்குச் சென்று சிம்பையும் கட்டையும் சோதிக்கச் செய்தார். மருத்துவமனை வாயிலோடு பணி முடிவதில்லை என்பது அவர் கொள்கை. போர்க்காலத்தில் வீரர்களும் அங்கு வந்தனர். 1921இல் அம்மருத்துவமனை ஆஸ்வெஸ்ட்ரி நகருக்கு மாறியது; இன்று ஜோன்ஸ், ஹன்ட் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஒரு மருத்துவர் பெயரோடு ஒரு தாதியின் பெயரும் இணைந்து நிற்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மாறியதும் மாறாததும்

அக்காலத்தில் தொடை முறிந்தவர் இழுவை கட்டி மூன்று மாதம் படுத்திருப்பார். அசையாப் படுக்கை எலும்பைக் கூட்டும்; ஆளைக் கெடுக்கும். படுக்கைப் புண், நிமோனியா, காலில் குருதி உறைதல், மலச்சிக்கல், மனச்சோர்வு எனப் பகைவர் பலர். உடலைத் தூக்கித் திருப்புவதும், மூச்சுப் பயிற்சி தருவதும், உணவூட்டுவதும், தேற்றுவதும் தாதியின் அன்றாட வேலைகள். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்சர் எலும்பின் உட்குழிவில் உலோகத் தண்டு செலுத்தும் முறையைக் கையாண்டார். அம்முறை பரவியதும் நோயாளி விரைவில் எழுந்து நடக்கலானார்.

இன்று பெருஞ்சோதனையாய் இருப்பது முதியோரின் இடுப்பெலும்பு முறிவு. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் அதுவே அறிகுறி. ஐக்கிய இராச்சியத்தில் 2007இல் இதற்கெனத் தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. அறுவை விரைவில் நடந்ததா, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, படுக்கைப் புண் வாராமற் காத்தனரா, மீண்டும் விழாதிருக்க வழி செய்தனரா என்றெல்லாம் அது கணக்கெடுத்தது. அதில் பங்கேற்ற இங்கிலாந்து மருத்துவமனைகளில் 30 நாளுக்குள் இறப்போர் 2007இல் நூற்றுக்கு 10.9 ஆக இருந்து 2011இல் 8.5 ஆகக் குறைந்தனர். படுக்கைப் புண்ணையும் அறுவையையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணும் நிலைக்கு மருத்துவம் வந்து சேர்ந்தது.

இன்று மாக்கட்டோடு பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். அவர்தம் வீட்டாரே அவ்வேளையில் தாதியர். கட்டிய கையையோ காலையோ தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். கட்டுக்குள் குச்சி விட்டுச் சொறியாதீர்கள். முதல் இரண்டு நாள் விரல் நுனிகளை அடிக்கடி பாருங்கள். நிறம் மாறினாலும், மரமரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வோல்க்மன் கண்ட வளைந்த விரல்கள் கற்பிக்கும் பாடம் இதுவே.