எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய் கண்டவர்களுக்கு, உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்தக் குருத்தணுக்களைப் பெற்றுத் தர உதவும் ஏற்பாடு. கொடுக்க முன்வருவோரின் திசு வகை முன்கூட்டியே பதிந்து வைக்கப்படுகிறது.

அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் மஜ்ஜை செலுத்தும் சிகிச்சையைப் பற்றி 1957-இல் எழுதியபோது, அதைப் பெற்ற நோயாளிகளில் ஒருவர்கூட நெடுநாள் பிழைத்திருக்கவில்லை. ஒத்த இரட்டையர்களுக்கிடையே மட்டும் சிகிச்சை ஓரளவு கைகொடுத்தது. இதன் காரணத்தை விளக்க உதவியது பிரான்சின் ஷான் தோசே 1958-இல் கண்டறிந்த எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளம். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இது பொருந்த வேண்டும். இதில் பாதி தாய்வழி, பாதி தந்தைவழி வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. பொருந்தும் உடன்பிறப்பு இல்லாதவர் எங்கே போவார்?

இந்தக் கேள்விக்கு முதலில் வழி கண்டவர் ஒரு தாய். ஷெர்லி நோலனின் மகன் ஆண்டனி பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவன். அவனுக்காக அவர் 1974-இல் லண்டனில் தொடங்கியதே உலகின் முதல் பதிவேடு. பொருத்தமான கொடையாளர் கிடைக்காமலே 1979-இல் ஆண்டனி இறந்தான். ஷெர்லி பணியைக் கைவிடவில்லை. அவர் நட்டது பிறர் பிள்ளைகளுக்குப் பலன் தந்தது. அதே 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், ரத்தப் புற்றுநோய் கண்ட லாரா கிரேவ்ஸ் என்ற சிறுமிக்கு உறவினர் அல்லாதவரின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. நோய் திரும்பி வந்து அவளும் பின்னர் இறந்தாள். ஆனால் அவளுடைய பெற்றோரும் பிறரும் விடாமல் முயன்றதன் பலனாக 1986-இல் அமெரிக்க தேசியப் பதிவேடு உருவானது. இன்று உலகப் பதிவேடுகளில் உள்ளோர் 4 கோடிக்கும் மேல்.

இவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதுதான் நமக்குள்ள இடர். திசு வகை வம்சத்தை ஒட்டி வருவது. தலைமுறை தலைமுறையாக சாதிக்குள்ளேயே மணம் முடித்து வந்த இந்தியர்களிடையே அது சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. டொராண்டோவில் வாழும் தமிழருக்கும் பொருத்தம் பெரும்பாலும் தமிழரிடையேதான் கிடைக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் சென்னையில் தாத்ரி பதிவேடு உருவானது 2009-இல்தான். இந்தியாவில் பதிந்தோர் தொகை இன்னும் சில லட்சங்களே. இத்தனை பெரிய நாட்டுக்கு இது மிகவும் சொற்பம்.

பதிவு எளிது. 18 வயது நிறைந்த, உடல்நலமுள்ளவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருந்தும் நோயாளி அமைந்தால் மட்டுமே அழைப்பு வரும். பலருக்கு அது வருவதே இல்லை. முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்ற அச்சம் வீண். மஜ்ஜையாகவே எடுப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. சில நாள்கள் ஊசி மருந்து போட்டுக் குருத்தணுக்களை ரத்தத்தில் பெருகச் செய்கிறார்கள். அப்போது எலும்பு வலியும் தலைவலியும் வரலாம். பிறகு ஒரு கையிலிருந்து வரும் ரத்தத்தில் குருத்தணுக்களை எந்திரம் பிரித்தெடுக்க, மீதி ரத்தம் மறு கை வழியே உடலுக்குத் திரும்புகிறது. சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கொடுத்த அணுக்களை உடல் தானே ஈடுசெய்துகொள்ளும்.

பதிந்தவர் எந்தக் கட்டத்திலும் விலகலாம். அது அவர் உரிமை. ஆயினும் குடும்பத்தாரின் பயத்துக்கு இணங்கிக் கடைசி நேரத்தில் பின்வாங்குவது கொடிய விளைவைத் தரும். புது அணுக்களை ஏற்பதற்காக நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் முன்னதாகவே அழித்துவிடுகிறார்கள். அதன்பின் குருத்தணு வந்து சேராவிட்டால் அவர் பிழைப்பது அரிது. ஆகவே வீட்டாரிடம் பேசித் தெளிய வேண்டிய நேரம், பதிவதற்கு முன்பே.