சர்டிஃபிகேட்டில் ஒரு திருத்தம்: கிண்டியில் படித்த லலிதா

கிண்டி எஞ்சினியரிங் காலேஜில் படித்துத் தேறிய அ. லலிதாவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டச் சான்றிதழில் ஒரு கைத்திருத்தம் உண்டு. அச்சடித்த தாளில் 'ஹீ' என்று இருந்த ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதியிருந்தார்கள். எஞ்சினியரிங் பட்டம் வாங்க ஒரு பெண் வருவாள் என்று அச்சுக்குக் கொடுத்தவர் நினைக்கவே இல்லை. தமிழில் 'தேறினார்' என்று அச்சடித்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இந்தியாவின் முதல் பெண் எஞ்சினியர் என்று லலிதாவைச் சொல்வார்கள். இணையத்தில் அவரைப் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் இந்தத் திருத்தத்தைச் சொல்லி, கைதட்டி, அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. பட்டம் வாங்கியாச்சு, சரி. வேலைக்கு எங்கே போனார்? ஏன் அங்கே போனார்?

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். பிறந்தது 1919 ஆகஸ்ட் 27. சென்னையில் வசித்த ஒரு நடுத்தரத் தெலுங்குக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி காலேஜிலேயே எலக்ட்ரிகல் பேராசிரியர். அந்த வீட்டில் பையன்கள் எஞ்சினியர் ஆனார்கள், பெண்களுக்குப் பள்ளிப் படிப்போடு சரி. பெரிய புரட்சி எதுவும் பண்ணிய குடும்பமாகத் தெரியவில்லை, அந்தக் காலத்துப் படித்த குடும்பங்கள் எப்படியோ அப்படி. லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம் ஆனது. கல்யாணத்துக்குப் பிறகும் பத்தாவது வரை படிக்கட்டும் என்று அப்பா உறுதியாக இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். 1937-இல் கணவர் இறந்தபோது லலிதாவுக்கு 18 வயது. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

1937-இல் சென்னையில் ஒரு இளம் விதவைக்கு என்ன வழி இருந்தது என்று கேட்டால், வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சகோதரி சுப்புலட்சுமி சின்ன வயதிலேயே விதவையானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார், அடுத்த வருஷமே விதவைப் பெண்களைப் படிக்க வைக்கும் வேலையைத் தொடங்கினார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் ஐஸ் ஹவுஸில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அப்படிப் படித்தவர்களில் நிறைய பேர் டீச்சர் ஆனார்கள். டாக்டர் படிப்பு அதற்கும் முன்பே திறந்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்தது; முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் வாங்கியது 1912-இல். ஆக டீச்சர் வேலைக்கும் டாக்டர் வேலைக்கும் பாதை போட்டு வைத்திருந்தார்கள்.

லலிதா ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார். டாக்டருக்குப் படிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் டாக்டர் என்றால் ராத்திரி கூப்பிட்டாலும் எழுந்து போகணும், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும்படியான வேலை வேண்டும். அப்பா, சகோதரர்கள் என்று வீட்டைச் சுற்றி எஞ்சினியர்கள். எஞ்சினியரிங் அந்தக் கணக்குக்குப் பொருந்தியது. சின்ன வயதிலிருந்தே மெஷின்கள் மேல் காதல் என்கிற மாதிரிக் கதை இது இல்லை. எனக்கு இந்தக் கணக்குதான் கதையை விட மரியாதைக்குரியதாகத் தெரிகிறது.

சேருவதுதான் பிரச்சினை. கிண்டி காலேஜின் வரலாறு 1794-இல் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கிய சர்வே பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறது. கிட்டத்தட்ட 150 வருஷம் ஒரு பெண்கூட அங்கே படித்ததில்லை. சுப்பாராவ் நேராக பிரின்சிபால் கே.சி. சாக்கோவிடம் போய்ப் பேசினார். பொதுக்கல்வித் துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டாத்தமிடமும் பேசினார். இரண்டு பேரும் சரி என்றார்கள். 1940-இல் லலிதா எலக்ட்ரிகல் எஞ்சினியரிங்கில் சேர்ந்தார்.

இதை இன்றைய பேச்சில் சிபாரிசு என்போம். அப்பா அதே காலேஜில் பேராசிரியர், மகளுக்கு சீட். மறைக்க ஒன்றும் இல்லை, முதல் கதவு பெரும்பாலும் இப்படித்தான் திறந்திருக்கிறது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பையன்கள் இருந்த காலேஜில், ஹாஸ்டலில், லலிதா ஒற்றை ஆள். பையன்கள் தொந்தரவு பண்ணவில்லை, ஆனால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. மகளுக்குத் துணை வேண்டும் என்று சுப்பாராவ் நினைத்தார். பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று காலேஜ் விளம்பரம் கொடுத்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. தெரேசியா என்று கேரளத்துப் பெண்கள் இரண்டு பேர் சிவில் எஞ்சினியரிங்கில் வந்து சேர்ந்தார்கள். லலிதாவுக்கு அப்பா இருந்தார். அவர்கள் இருவரும் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டு வந்தவர்கள். கிண்டியின் கதவு எல்லாருக்கும் திறந்தது அன்றைக்குத்தான் என்பது என் கணக்கு.

லலிதா ஹாஸ்டலில் இருந்த காலத்தில் குழந்தை மாமா வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பரீட்சை நேரத்தில் நாமெல்லாம் ராத்திரி டீக்கடையும் பழைய கொஸ்டின் பேப்பருமாக அலைந்த ஹாஸ்டல் வாழ்க்கையோடு இதை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்து ஏ.சி. சர்க்யூட் படிப்பது வேறு மாதிரி படிப்பு.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எஞ்சினியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பல்கலைக்கழகம் படிப்பைச் சில மாதங்கள் குறைத்தது. அதனால் ஜூனியர்களான லீலம்மாவும் தெரேசியாவும் லலிதாவோடு சேர்ந்தே படிப்பை முடித்தார்கள்.

அதன் பிறகு மூன்று பேரும் போன திசையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தெரேசியா ஊருக்குத் திரும்பி கொச்சி சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் செக்‌ஷன் ஆபீசராகச் சேர்ந்தார். சர்வீஸ் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லீலம்மா திருவிதாங்கூரில் பொதுப்பணித் துறைக்குப் போனார். இருவருக்கும் சொந்த ஊர், சர்க்கார் வேலை.

லலிதா முதலில் ஒரு வருஷம் ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி எடுத்தார். பீகாரில் 1862-இல் தொடங்கிய பழைய ஒர்க்‌ஷாப் அது. 1944-இல் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் எஞ்சினியரிங் அசிஸ்டென்ட் வேலை. ஏன் சிம்லா? அங்கே ஒரு சகோதரர் குடும்பம் இருந்தது, குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே தங்க முடிந்தது. 1946 கடைசி வரை அந்த வேலை. அதற்கு நடுவில் லண்டனில் இருந்த எலக்ட்ரிகல் எஞ்சினியர்கள் சங்கத்தின் கிராஜுவேட்ஷிப் தேர்வையும் எழுதினார்.

பிறகு சென்னைக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சிகளில் உதவினார். சுப்பாராவ் சுவாரசியமான மனிதர். ஜெலக்ட்ரோமோனியம் என்ற மின்சார இசைக்கருவி, புகையில்லா அடுப்பு என்று பேட்டன்ட் வாங்கியவர். தனியாகவே எழுத வேண்டிய ஆள், இன்னொரு நாள் பார்க்கலாம். ஆனால் அதில் நிலையான வருமானம் இல்லை, லலிதாவும் அதில் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? இன்னொரு சகோதரர் வீடு அங்கே.

சிம்லா, சென்னை, கல்கத்தா. மேப்பில் குறித்துப் பார்த்தால் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு உறவுக்காரர் வீடு இருக்கிறது. வேலை தேடுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு தேடுவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்திருக்கிறது. சான்றிதழில் ஒரு சொல்லைத் திருத்த பேனா போதும். இது பேனாவில் முடிகிற காரியம் இல்லை. அந்தச் சகோதரர்களின் மனைவிகள் இல்லாவிட்டால் இந்த எஞ்சினியர் இல்லை. முதல் பெண் எஞ்சினியர் பற்றிய எந்தப் பட்டியலிலும் அந்த அண்ணிகளின் பெயர் வராது.

நான் ஃபைனல் இயர் படித்தபோது கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், எங்கள் வகுப்புப் பெண்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டது: கல்யாணம் ஆனால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்களா? பையன்கள் ஒருத்தனிடமும் கேட்கவில்லை. இன்றைக்கும் என் டீமில் பிரசவ லீவு முடிந்து வரும் பெண், ஆபீஸ் மாற்றிக் கேட்டால், முதலில் விசாரித்தால் தெரிவது அம்மா வீடு எந்தப் பக்கம் என்பதுதான்.

கல்கத்தாவில் லலிதா செய்தது பொம்மை வேலை இல்லை. மின்பாதைகள், சப்ஸ்டேஷன் அமைப்புகள், பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்சார ஜெனரேட்டர் வேலையிலும் அவர் பங்கு இருந்தது. 1953-இல் லண்டன் எலக்ட்ரிகல் எஞ்சினியர்கள் சங்கத்தின் அசோசியேட் உறுப்பினர், 1966-இல் முழு உறுப்பினர். அவர் இந்த நிலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில்தான் மற்ற இடங்களும் மெல்லத் திறந்தன. வங்காளத்தின் சிப்பூர் எஞ்சினியரிங் காலேஜில் ஈலா மஜும்தார் பட்டம் வாங்கியது 1951-இல்.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் எஞ்சினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் பெண் எஞ்சினியர்களுக்கென்று சங்கம் எதுவும் இல்லாததால் யார் பிரதிநிதியாகவும் போக வழியில்லை. லலிதா தனி நபராகவே போய்க் கலந்துகொண்டார். மறுவருஷம் லண்டனின் பெண் எஞ்சினியர்கள் சங்கத்தில் உறுப்பினரானார்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1948-இல் சேர்ந்த அதே வேலையில், கம்பெனி கை மாறியபோதும் தொடர்ந்து, 1977-இல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபரில் இறந்தபோது வயது 60. ஹாஸ்டலில் அவருக்குத் துணையாக வந்த தெரேசியா, தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றதும் அதே வருஷம்தான்.