அரேபிய ஓரிக்ஸ் சரணாலயம்

ஓமான் நாட்டின் நடுப்பகுதியில், ஜித்தத் அல் ஹராசிஸ் எனப்படும் கற்பாலைப் பீடபூமியில் அமைந்த காட்டுயிர்ப் புகலிடம் அரேபிய ஓரிக்ஸ் சரணாலயம் ஆகும். ஓரிக்ஸ் என்பது இரலை இனம். அதாவது, மானைப் போல ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்காத, மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த குளம்புடைய விலங்கு. வெண்ணிற உடலும் நீண்டு நிமிர்ந்த இரு கொம்புகளும் உடைய இவ்விலங்கு, அரபிக்கடலிலிருந்து நகர்ந்துவரும் மூடுபனி செடிகொடிகளில் படியவிடும் ஈரத்தைக் கொண்டே நெடுநாள் நீரருந்தாமல் வாழக்கூடியது. தமிழகத்தில் வன்னி எனப்படும் மரமே இங்கும் அதற்கு நிழல் தருகிறது.

மோட்டார் வண்டிகளும் நவீனத் துப்பாக்கிகளும் பாலைக்குள் புகுந்தபின் வேட்டை பெருகி, 1972இல் இப்பீடபூமியில் எஞ்சியிருந்தவையும் அழிக்கப்பட்டதோடு ஓரிக்ஸ் இயற்கை வாழிடத்திலிருந்து அற்றுப்போனது. இவ்வழிவை முன்னுணர்ந்து 1962இல் சில விலங்குகள் பிடிக்கப்பட்டு, வளர்ப்பில் இருந்த வேறு சிலவற்றுடன் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சிசாலையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதால் மட்டுமே இனம் பிழைத்தது. ஓமான் சுல்தான் காபூஸின் ஆதரவுடன் அவற்றின் வழித்தோன்றல்கள் இப்பீடபூமியிலுள்ள யலூனி என்னுமிடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அடைப்புகளில் பழக்கப்பட்டபின் 1982இல் பத்து ஓரிக்ஸ்கள் திறந்தவெளியில் விடப்பட்டன. ஹராசிஸ் பழங்குடியினரே காவலர்களாக அமர்த்தப்பட்டது இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. அந்நிலத்தின் தடங்களை அவர்களினும் நன்கறிந்தோர் எவருமிலர். 1994இல் யுனெஸ்கோ இச்சரணாலயத்தை உலக மரபிடமாக அறிவித்தது. 1996அளவில் ஓரிக்ஸ்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 450ஆக உயர்ந்தது.

அதே ஆண்டில் கள்ளவேட்டை மீண்டும் தலைதூக்கியது. இம்முறை இறைச்சிக்காக அன்று, செல்வர்களின் தனியார் விலங்குத் தொகுப்புகளுக்கு உயிருடன் விற்பதற்காக, குறிப்பாகப் பெண் விலங்குகள் வண்டிகளில் துரத்திப் பிடிக்கப்பட்டன. ஈன வேண்டியவை அகற்றப்பட்டதால் மந்தை தன்னை ஈடுசெய்ய இயலாமற்போனது. விலங்கும் நிலமும் ஒத்துழைத்தும் பாதுகாப்புத் தவறியதே இச்சரிவின் காரணம் எனலாம். 2007இல் எஞ்சியவை ஏறத்தாழ 65. எண்ணெய் வளம் தேடும் நோக்கில் ஓமான் அரசு சரணாலயப் பரப்பை 90 விழுக்காடு குறைத்ததும், அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ இதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் இதுவே.

எனினும் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளிலும் மறுஅறிமுகம் நிகழ்ந்தமையால், 2011இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஓரிக்ஸை ‘அழிவாய்ப்பு இனம்’ என்னும் நிலைக்கு உயர்த்தியது. இயற்கையில் அற்றுப்போன ஓர் இனம் இந்நிலைக்கு மீண்டது அதுவே முதன்முறை.