ஒருவழிப் பொருத்தம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையின் மடிக்கணினி ஒருநாள் காலை இயங்க மறுத்தது. ஊர் ஊராய்ச் சென்று நாங்கள் பதிவுசெய்த கதைப்பாடல்களின் தட்டச்சுப் படிகள் அதனுள் இருந்தன. வேறு படி எடுத்து வைக்காதது எங்கள் பிழையே. தாய்ப்பலகை போய்விட்டது என்றார் பழுதுபார்ப்பவர். அருகிலிருந்த மேசைக்கணினியின் உறுப்புகளைக் கொண்டு இதை மீட்க இயலாதா என்று கேட்டோம். "அதிலுள்ளது எதுவும் இதற்குப் பொருந்தாது சார். இதன் வன்தட்டை வேண்டுமானால் அதில் மாட்டலாம்" என்றார்.

இந்த ஒருவழிப் பொருத்தத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனிநபர் கணினி பெரும்பாலும் சந்தையில் கிடைத்த உறுப்புகளால் ஆனது. அதன் அமைப்பு விவரங்களும் வெளியிடப்பட்டமையால் பிறரும் அதையொத்த கணினிகளைச் செய்தனர். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை, தாய்ப்பலகையின் திருகுத்துளை எங்கே அமைய வேண்டும் என்பது வரை வரையறுத்தது. மடிக்கணினியின் தாய்ப்பலகைக்கு இத்தகைய பொது இலக்கணம் வேரூன்றவே இல்லை. மெலிவையும் எடைக்குறைவையும் நாடிய நிறுவனங்கள் மாதிரிக்கொரு பலகை செய்தன.

நினைவகத்தின் கதை சற்று வேடிக்கையானது. சில்லுகள் ஓரினமே, அவை அமரும் பட்டைதான் வேறு. மேசைக்கணினிப் பட்டை ஏறக்குறைய 133 மில்லிமீட்டர் நீளம். மடிக்கணினிக்குரியது அதில் பாதி. டி.டி.ஆர். முதல் தலைமுறையில் பெரிய பட்டைக்கு 184 தொடுமுனைகள், சிறியதற்கோ 200!

வன்தட்டு மட்டுமே வேறு வழி சென்றது. 1988இல் அமெரிக்காவின் பிரெய்ரிடெக் நிறுவனம் 2.5 அங்குல வன்தட்டை அறிமுகப்படுத்தியது. அவ்வகைத் தட்டுகள் பெற்ற ஐ.டி.இ. இணைப்பில் 44 ஊசிகள். மேசைக்கணினித் தட்டிலோ 40. மின்சாரமும் அதே இணைப்பின் வழியே வந்ததால் எண்ணிக்கை கூடியது. இரண்டையும் சேர்க்க ஓர் இடைக்கருவி தேவைப்பட்டது. 2003இல் வந்த சாட்டா முறை இருவகைத் தட்டுகளுக்கும் ஒரே இணைப்பை அளித்தது. ஆயினும் 3.5 அங்குலத் தட்டுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும். மடிக்கணினியில் அதற்கு இடமுமில்லை, அந்த மின்னழுத்தத்தைத் தரும் வழியுமில்லை. சிறியது பெரியதில் அமரும். பெரியது சிறியதில் அமராது.

எங்கள் தட்டு சாட்டா வகை. அன்று மாலைக்குள் பாடல்கள் அனைத்தும் மேசைக்கணினிக்கு வந்து சேர்ந்தன.

2008இல் வெளிவந்த மேக்புக் ஏர், நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருந்தது. பின்னாளில் பல மாதிரிகளில் சேமிப்புச் சில்லுகளும் அவ்வாறே ஆயின. துறைக்கு இப்போது வாங்கியுள்ள மடிக்கணினியும் அவ்வகையே. அதனுள் கழற்றி மாட்ட ஏதுமில்லை என்பதால், சனிக்கிழமைதோறும் கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் படியெடுக்கிறோம்.