நிவாரணப் பணமும் கணக்கு கேட்கும் உரிமையும்: 2010க்குப் பிந்தைய ஹைட்டி

ஊழல் அரசின் கையில் உதவிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது, அரசைத் தவிர்த்துத் தாமே செலவிட வேண்டும் என்பது கொடையாளி நாடுகளின் வாதம். ஹைட்டியைப் பொறுத்தவரை இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. 1986இல் நாட்டைவிட்டு ஓடிய சர்வாதிகாரி ழான்-குளோத் துவாலியே கருவூலத்தைச் சுரண்டினார் என்பது உலகறிந்த குற்றச்சாட்டு. ஆனால் அரசைத் தவிர்த்ததால் ஊழல் குறைந்ததா? குறையவில்லை, கணக்கு கேட்கும் இடம்தான் நாட்டுக்கு வெளியே போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் இறந்தோர் எண்ணிக்கையே இன்றும் சர்ச்சைக்குரியது. மதிப்பீடுகள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம்வரை வேறுபடுகின்றன. மார்ச் மாதம் நியூயார்க்கில் கூடிய நாடுகள் முதற்கட்ட மறுகட்டமைப்புக்கு 530 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தன. ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகத்தின் கணக்குப்படி, அவசர நிவாரண நிதியில் சுமார் 34 விழுக்காடு கொடையாளி நாடுகளின் சொந்தத் துறைகளுக்கும் படைகளுக்குமே திரும்பியது. ஹைட்டி அரசுக்குக் கிடைத்தது சுமார் 1 விழுக்காடு. பில் கிளிண்டன் இணைத்தலைவராக இருந்த மறுகட்டமைப்பு ஆணையத்தில்கூட, ஹைட்டி உறுப்பினர்கள் 12 பேர் தாங்கள் ஒதுக்கப்படுவதாக 2010 டிசம்பரில் எழுதிக் கொடுத்தனர். சொந்த நாட்டின் ஆணையத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பார்வையாளர் இருக்கைதான்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 48 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் நிரந்தர வீடுகள் ஆறுதான் கட்டியது என்று 2015இல் புரோபப்ளிகாவும் என்.பி.ஆர். வானொலியும் வெளியிட்டன. பழுதுபார்ப்பையும் தற்காலிகக் குடியிருப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது சங்கம். இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் குடிமகன் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பான்? காலரா இன்னும் கொடிய சான்று. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் பரவிய அந்நோய் சுமார் 10,000 பேரைக் கொன்றது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கு, ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு என்ற காரணத்தால் அமெரிக்க நீதிமன்றங்களில் தோற்றது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

இதற்கு நேர்மாறான வழியில் வந்தது பெட்ரோகரிபே நிதி. வெனிசுவேலா தான் ஹைட்டிக்கு விற்ற எண்ணெயின் விலையில் ஒரு பகுதியை 25 ஆண்டுக் கடனாக, 1 விழுக்காடு வட்டிக்கு விட்டுக்கொடுத்தது. அப்படி மிஞ்சிய சுமார் 200 கோடி டாலர் ஹைட்டி அரசின் கைவழியாகவே செலவானது. அதில் கொள்ளை நடந்தது. அதற்குக் கதவு திறந்ததே பேரிடர்தான்: 2008 புயல்களுக்குப் பின் வந்த, 2010இல் விரிவாக்கப்பட்ட அவசரநிலைச் சட்டம் டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் வழங்க இடமளித்தது. ஆனால் இந்தக் கொள்ளையை வெளிக்கொணர்ந்தவர்கள் ஹைட்டியர்களே. முதலில் செனட் விசாரித்தது. 2018இல் இளைஞர்கள் அந்தப் பணம் எங்கே என்று அட்டையில் எழுதித் தெருவில் இறங்கினர். 2019, 2020 ஆண்டுகளில் உயர் தணிக்கை மன்றம் அறிக்கைகள் வெளியிட்டது. ஒரே சாலைப் பணிக்கு இரு நிறுவனங்களுக்குப் பணம் தரப்பட்டதையும், அவற்றுள் ஒன்று அதிபர் ஜோவனெல் மொயீஸ் முன்பு நடத்திய அக்ரிட்ரான்ஸ் என்பதையும் மன்றம் பதிவு செய்தது. மொயீஸ் தவறேதும் செய்யவில்லை என மறுத்தார். 2021 ஜூலையில் கொல்லப்பட்டார்.

தணிக்கையால் யார் சிறைக்குப் போனார்கள் என்று கேட்டால் என்னிடம் மகிழ்ச்சியான பதில் இல்லை. எனினும் திருடியவர் என்று பெயர் சொல்லவாவது ஓர் உள்நாட்டு மன்றத்தால் முடிந்தது. அரசைச் சுற்றிப்போன பணத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. கருவூலத்துக்குள் வராத உதவியானாலும் சரி, ஒப்பந்தக்காரர் வாஷிங்டனில் இருந்தாலும் சரி, ஹைட்டியின் பெயரால் செலவாகும் ஒவ்வொரு ஒப்பந்தமும் அந்நாட்டுத் தணிக்கை மன்றத்தின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். கொடையாளி நாடுகள் இதை உதவியின் முதல் நிபந்தனையாகத் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டும்.