அரிக்கமேட்டு யவன மது

நெல்லிக்குப்பத்துக்கு வடகிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டுக்கு மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து வந்திறங்கிய திராட்சை மது. 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இதை நிரப்பிவந்த ஆம்போரா எனும் இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 1989–92இல் விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர். சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணியிலானவையே மிகுதி என்றார்.

கோஸ் மதுவின் தனித்தன்மை உப்பு. திராட்சைச் சாற்றில் கடல்நீர் கலந்து அதைச் செய்யும் முறையை ரோமானியர் கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். சாடியின் உட்சுவரில் கசிவைத் தடுக்கப் பிசின் பூசுவதும் அக்கால வழக்கம். இன்றைய சிரா வகைச் செம்மதுவை மட்டும் அறிந்த நாவுக்கு அந்தச் சுவை முற்றிலும் புதிதாகவே இருக்கும்.

யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியர் கொண்டுவந்த தேறல் எனும் மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் பாடுகிறார். இந்த இலக்கியச் செய்தியை மண்ணே உறுதிசெய்யும் அரிய சான்று அரிக்கமேட்டுச் சாடிகள்.